மின்சாரம் எங்கே நிற்கிறது?



ஒரு பழைய புல்லட்டோ, எஸ்டியோ, ஆர்எக்ஸ் 100-ஓ பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தால் பொறி இல்லை. "கரண்ட் வரல சார். பிளக், காயில், கண்டன்சர் மூணையும் மாத்திடலாம்" என்ற பேச்சு அடுத்த நிமிடமே வந்துவிடுகிறது. மூன்றும் மாறுகின்றன. வண்டி சில நேரம் கிளம்பியும் விடுகிறது. ஆனால் எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. கழற்றிய காயில் நல்ல காயிலாகவே இருந்தாலும் பழைய இரும்போடு போய்விடும். கெட்டது ஒரு ரூபாய் பெறாத வாஷராகவோ துருப்பிடித்த எர்த் போல்ட்டாகவோ இருந்திருந்தால், அதே வண்டி அடுத்த மாதம் அதே வாசலுக்கு வரும்.

இதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசக் காரணம் உண்டு. ஜாவாவும் எஸ்டியும் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் அதே 1996-இல் நின்றது. அந்த வண்டிகளோடு ஆலையிலிருந்து வந்த காயிலும் மேக்னட் பிளேட்டும் இனிமேல் யாரும் செய்யப் போவதில்லை. நல்ல பாகம் ஒன்றைச் சோதிக்காமல் எறிந்தால், அந்த இடத்தில் உட்காரப்போவது பெரும்பாலும் அதைவிடத் தரம் குறைந்த ஒன்று. ஆகவே என் கட்சி இதுதான்: பொறி வராத வண்டியில் முதலில் தேட வேண்டியது கெட்ட பாகத்தை அன்று, மின்சாரம் எந்த இடம்வரை வந்து நிற்கிறது என்பதை. அந்த இடம் தெரிந்துவிட்டால் பாகம் தன்னால் தெரிந்துவிடும்.

பொறி எப்படிப் பிறக்கிறது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் இருப்பது 6 வோல்ட் அல்லது 12 வோல்ட். பிளக் முனையில் வேண்டியது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். இந்தத் தாவலைச் செய்வது காயில். உள்ளே இரும்புத் தண்டின் மேல் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், அது பிரைமரி. மெல்லிய கம்பியில் அதைப்போல நூறு மடங்கு அளவுக்குச் சுற்றுகள், அது செகண்டரி. பாயிண்ட் என்னும் சின்ன ஸ்விட்ச் மூடியிருக்கும்போது பிரைமரியில் மின்சாரம் ஓடி, இரும்பில் காந்தப்புலம் நிறைகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் ஓட்டம் அறுந்து அந்தப் புலம் சரிகிறது. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாயே அதிர்ந்து இடிக்கிறதல்லவா, அதுபோலப் பிரைமரியில் சில நூறு வோல்ட் எழும்பும். செகண்டரியில் அது நூறு மடங்காகும். 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதியே இங்கே வேலை செய்கிறது. 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கெடிலாக் கார்களுக்காகப் பேட்டரி இக்னிஷனை அமைத்தார். நம் திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் பல பதிற்றாண்டுகள் ஓடியதும் அந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பாயிண்ட் மூடும்போது பொறி வருவதில்லை, திறக்கும்போதுதான் வருகிறது. மூடாத பாயிண்ட்டிலும் பொறி இல்லை, திறக்காத பாயிண்ட்டிலும் பொறி இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

இப்போது வண்டிக்கு வருவோம். பொறி உண்மையிலேயே இல்லையா என்பது முதல் கேள்வி. பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கம் தவறில்லை, ஆனால் அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். பிளக்கின் உடம்பு பெயின்ட் பூசிய இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், இருக்கும் பொறியும் இல்லாததுபோல் தோன்றும். மறுபக்கம், வெளியே அழகாகப் பொறிந்த பிளக் உள்ளே போனதும் செத்துவிடலாம். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டு அடர்ந்திருக்கும். அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்ட் வேண்டும். அழுத்தத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள இந்த உறவை 1889-இலேயே பாஷன் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் விதியாக எழுதிவிட்டார். அரை மில்லிமீட்டர் பிளக் இடைவெளியில் வெளிச்சத்தில் தெரியும் ஒரு சின்னப் பொறி எதையும் நிரூபிக்காது.

அதனால் ஒரு கருவி செய்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரத்துண்டில் இரண்டு ஆணி, முனைக்கு முனை 6 மி.மீ. இடைவெளி. ஓர் ஆணியில் பிளக் வயர், மற்றோர் ஆணியிலிருந்து இன்ஜினின் சுத்தமான உலோகத்துக்கு ஒரு வயர். உதைக்கும்போது இந்த இடைவெளியைச் சடக் என்ற சத்தத்தோடு தாண்டினால் காயில்வரை எல்லாம் நலம். நீலப் பொறி நல்லது, மஞ்சள் பொறி கெட்டது என்று நிறத்தை வைத்துப் பட்டறைகளில் தீர்ப்பு சொல்வார்கள். என்னைக் கேட்டால் நிறத்தைவிட அது தாண்டும் தூரத்தை நம்புங்கள்.

இந்தச் சோதனைக்கு முன் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக் துளையில் ஒரு பழைய பிளக்கை மாட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் உதைக்கும்போது அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீறிடும், பக்கத்திலேயே பொறி வெடிக்கும். பிளக் வயரை எங்கும் எர்த் ஆகாமல் தொங்கவிட்டு உதைக்காதீர்கள்; வெளியேற வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஆணி முனையில் பொறி வருகிறது, பிளக்கில் வரவில்லை என்றால் வேலை அங்கேயே முடிந்தது. பிளக் கரி அடைத்திருக்கும், அல்லது பிளக் கேப் கெட்டிருக்கும். கேப்புக்குள் பெரும்பாலும் 5,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. மல்டிமீட்டரில் வைத்தால் அந்த அளவு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கேப் செத்தது. திருகி ஏற்றும் கேப்பாக இருந்தால் பிளக் வயரின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் திருகிப் பாருங்கள். பச்சை பூத்த நுனியால் நின்றுபோன வண்டிகள் ஏராளம்.

ஆணியிலும் பொறி இல்லையென்றால், அடுத்துச் செய்ய வேண்டியது உங்கள் வண்டி எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்வது. இங்கேதான் மிகப் பெரிய குழப்பம் நடக்கிறது. புல்லட், எஸ்டி போன்றவை பேட்டரியையும் காயிலையும் நம்பியவை. அவற்றில் சாவி திருப்பினால் ஸ்விட்ச் மூடி, பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போகும். ஸ்விட்ச் கெட்டு வழி அறுந்தால் பொறி இல்லை. ஆர்எக்ஸ் 100 போன்ற சிடிஐ வண்டிகள், அதாவது பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் பெட்டி வைத்தவை, மேக்னட்டிலிருந்தே பொறிக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்பவை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாலும் ஓடும். அவற்றில் சாவியை அணைத்தால்தான் ஸ்விட்ச் மூடுகிறது. மூடி, சிடிஐயின் மின்சாரத்தை எர்த்தில் கொட்டி இன்ஜினை நிறுத்துகிறது. ஸ்விட்ச் கெட்டு, அல்லது வயர் உரசி, எங்காவது எர்த் தொட்டுவிட்டால் பொறி இல்லை.

பாருங்கள், இரண்டிலும் குறை ஒன்றேதான், பரிகாரமோ நேர் எதிர். புல்லட்டில் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வந்தால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-இல் சந்தேகம் வந்தால் சிடிஐயிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். யமஹா, ஹோண்டா வண்டிகளில் அது பெரும்பாலும் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். கழற்றியதும் பொறி வந்தால் சிடிஐயை யாரும் தொட வேண்டாம். குறை ஸ்விட்ச்சில், அல்லது ஹெட்லைட் கூட்டுக்குள் நசுங்கிய வயரில். புல்லட்டில் பழகிய கை சிடிஐ வண்டியின் ஸ்விட்ச் வயரில் 12 வோல்ட்டைக் கொடுத்துச் சோதித்தால், நன்றாக இருந்த சிடிஐயும் போய்விடக்கூடும். மாணவர்கள் இந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு போனாலும் எனக்கு மகிழ்ச்சி.

புல்லட்டைக் கொஞ்சம் விரித்துப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அந்த வண்டி தன் நோயைத் தானே சொல்லும். ஹெட்லைட்டுக்கு மேல் இருக்கும் ஆம்மீட்டரைச் சொல்கிறேன். பழைய ஓட்டுநர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டியையே கிளப்புவார்கள். சாவியைத் திருப்பி, டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நடுவுக்குத் திரும்பும். அப்போது பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியைத் தாண்டுகிறது என்று அறிந்து, கிக்கரை மேலே விட்டு ஓங்கி ஓர் உதை. அந்த முள் ஏன் சாய்ந்தது? பாயிண்ட் மூடி, காயிலில் மின்சாரம் ஓடியது. 12 வோல்ட் காயிலின் பிரைமரி 3 முதல் 4 ஓம் என்றால் ஓடுவது 3 முதல் 4 ஆம்பியர். ஏன் திரும்பியது? பாயிண்ட் திறந்தது. கிளப்புவதற்குப் பயன்படும் அதே முள்தான் நோய் பார்க்கவும் பயன்படுகிறது.

பொறி வராத புல்லட்டில் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே முள்ளைப் பாருங்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் பாயிண்ட் ஒருமுறை திறந்து மூடும். ஆகவே அவசரப்படாமல் நாலைந்து தடவை அழுத்துங்கள். முள் சாய்ந்து சாய்ந்து திரும்பினால் பேட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச், பிரைமரி, பாயிண்ட் ஆகிய அத்தனையும் வேலை செய்கின்றன. குறை கண்டன்சரிலோ செகண்டரியிலோ அதற்குப் பின்னாலோ. முள் அசையவே இல்லையென்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. சாய்ந்த முள் திரும்பாமலே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்ட் பக்கத்து வயர் எர்த் தொட்டிருக்கிறது. ஸ்பேனர் எடுக்காமல், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

ஆம்மீட்டர் இல்லாத வண்டிக்கும், ஆம்மீட்டர் செத்துப்போன புல்லட்டுக்கும் ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். இண்டிகேட்டர் பல்பு ஹோல்டரில் இரண்டு வயர், நுனிகளில் முதலை கிளிப், அவ்வளவுதான். பல்பு வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரு முனையை இன்ஜினில் மாட்டி, மறுமுனையைப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் காயில் முனையில் தொடுங்கள். எரியாவிட்டால் குறை ஸ்விட்ச் பக்கம். எரிந்தால், பாயிண்ட்டுக்கு வயர் போகும் மறுமுனைக்கு மாற்றிக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் திறந்திருக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் தொடவில்லை, அல்லது அதற்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று. பிரைமரி அறுந்திருக்கும், அல்லது பாயிண்ட் பக்கம் எர்த் ஆகியிருக்கும். எது என்று அறியப் பாயிண்ட் வயரைக் காயிலிலிருந்து கழற்றுங்கள். இப்போது பல்பு எரிந்தால் பிரைமரி குற்றமற்றது, குறை பாயிண்ட் பக்கம். எரியாவிட்டால் பிரைமரி போய்விட்டது. மீட்டர்கூட வேண்டாத இந்தச் சோதனை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பதிலும் வண்டியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை விடுவிக்கிறது.

எர்த் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு இடங்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, பாயிண்ட் ஸ்பிரிங்கை உடம்பிலிருந்து பிரிக்கும் ஃபைபர் வாஷர். பாயிண்ட் மாற்றும்போது இதை வரிசை மாற்றிப் போட்டுவிடுவதோ கீழே விட்டுவிடுவதோ அடிக்கடி நடக்கும். புதுப் பாயிண்ட் போட்டதும் பொறி போய்விட்டது என்ற புகாரின் பின்னால் இந்த வாஷர்தான் நிற்கும். இரண்டாவது, உள்ளேயே ஷார்ட் ஆன கண்டன்சர். அதன் வயரை மட்டும் கழற்றிவிட்டுப் பல்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாயிண்ட் தொடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அழுக்கு. நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியில் பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். டைமிங் பக்கத்திலிருந்து எண்ணெய் கசிந்து ஏறியிருந்தாலும் அப்படியே. புதுப் பாயிண்ட்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி வரும் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பதை நான் விரும்புவதில்லை. அதன் துகள் டங்ஸ்டன் முகத்தில் பதிந்து உட்கார்ந்துவிடும். மெல்லிய அரத்தால் ஓர் இழுப்பு, பிறகு பாயிண்ட்டை மூடி அதற்கிடையில் சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றை இழுத்தால் போதும். பாயிண்ட் இடைவெளி, அதாவது கேப், 0.35 முதல் 0.40 மி.மீ. வரை; ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

பாயிண்ட் திறக்கவில்லை என்றால் அதன் கால் தேய்ந்திருக்கும். கேம் மேல் உரசும் அந்த ஃபைபர் காலுக்கு ஒரு துளி கிரீஸ் வேண்டும். வறண்டு ஓடினால் கால் தேயத் தேய கேப் குறைந்து, ஒருநாள் திறக்காமலே போகும். அந்த நாளில் வண்டி திடீரென்று நின்றதுபோல் தோன்றும். உண்மையில் அது பல மாதங்களாக நின்றுகொண்டு வந்திருக்கிறது.

கண்டன்சர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தெரியாமலே அதிகம் மாற்றப்படும் பாகம் அது. ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள சின்ன உருளை. பாயிண்ட் திறக்கத் தொடங்கும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். தாண்டிவிட்டால் ஓட்டம் அறாது, புலம் மெதுவாகவே சரியும், பிளக்கில் பொறி வராது. கண்டன்சர் அந்த மின்சாரத்துக்கு ஒதுங்க இடம் கொடுக்கிறது. அதற்குள் பாயிண்ட் போதுமான அளவு விலகிவிடுகிறது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜினை நிறுத்தி, ஒரு மரக்குச்சியால் பாயிண்ட்டைத் திறந்து பாருங்கள். பாயிண்ட்டில் சின்னதாக ஒரு மினுக்கு வருவது இயல்பு. கொழுத்த வெள்ளைப் பொறி விழுந்து, ஆணி முனையில் ஒன்றுமில்லை என்றால் கண்டன்சர்தான். கார் கண்டன்சர் ஒன்றைக் கிளிப் போட்டு இணைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். இந்தச் சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள். மூடிய பாயிண்ட்டோடு சாவி போட்டபடி நின்றால் காயில் கொதிக்கும், பேட்டரி இறங்கும்.

காயிலை மீட்டரில் அளக்கலாம். 12 வோல்ட் காயிலின் பிரைமரி முன்பு சொன்ன 3, 4 ஓம். 6 வோல்ட் காயிலுக்கு அதைவிடக் குறைவு. செகண்டரி சில ஆயிரம் ஓம். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போனது உறுதி. ஆனால் மீட்டர் சரியான எண்ணைக் காட்டினாலும் காயில் நலம் என்று அர்த்தமில்லை. மீட்டர் கொடுப்பது ஒருசில வோல்ட்தான். காயில் தாங்க வேண்டியது பல்லாயிரம். இன்சுலேஷனில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மீட்டருக்குத் தெரியாது. அதற்கு இருட்டுதான் சோதனைச்சாலை. விளக்கை அணைத்துவிட்டு உதைக்கச் சொல்லிக் காயிலையும் பிளக் வயரையும் பாருங்கள். கசியும் இடத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஓடும்.

இன்னொரு வகை நோய் சூட்டோடு வரும். காலையில் முதல் உதையில் கிளம்பும் வண்டி சில கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடும். அரைமணி நேரம் புளியமர நிழலில் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். பட்டறைக்கு வரும்போது ஆறியிருப்பதால் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். இதற்கு நோயை நோயாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மரத்துண்டையும் டெஸ்ட் லேம்ப்பையும் டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே பாருங்கள். அல்லது பட்டறையில் தலைமுடி உலர்த்தும் டிரையரால் காயிலை மட்டும் முதலில் சூடாக்கிச் சோதியுங்கள், பிறகு கண்டன்சரை மட்டும். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் சோதனை பாழ்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆர்வம் இப்போது நம் ஊர்களில் பெருகியிருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அந்த ஆர்வலர்களுக்காக எர்த் பற்றிச் சொல்கிறேன். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து, கண்ணாடிபோல் மின்ன வைத்து, எல்லாப் பாகத்தையும் துடைத்துப் பூட்டிய பிறகு பொறி வராது. பட்டறைக்குள் வந்தபோது ஓடிய வண்டிதான் அது. காரணம் அந்த அழகான கோட்டிங்தான். பேட்டரியின் எர்த் வயர் சேஸிஸில், சேஸிஸ் இன்ஜினில், இன்ஜின் பாயிண்ட் பிளேட்டில் என்று திரும்பும் வழி முழுக்க உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பெயின்ட்டுக்கு முன் அந்த இடங்களை மறைத்து ஒட்ட வேண்டும்; விட்டுப்போனால் சுரண்டிப் பளபளவென்று ஆக்க வேண்டும். பேட்டரி எர்த்திலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு தடித்த வயர் கொடுத்துவிட்டால் நல்லது.

6 வோல்ட் வண்டிகளுக்கு வழியில் வோல்ட் தொலைவது இன்னும் கூர்மையான விஷயம். பாயிண்ட் மூடியிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலும் மறுமுனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியில் துருவிலும் தளர்ந்த கனெக்டரிலும் ஸ்விட்ச்சிலும் தொலைகிறது என்று பொருள். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் தாங்கும். 6 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பொறியின் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். எஸ்டி, ஜாவா வண்டிகளில் பொறி வலுவில்லை என்று காயில் மாற்றுவதற்கு முன் ஸ்விட்ச்சைத் திறந்து உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டைச் சுத்தம் செய்து பாருங்கள்.

சிடிஐ வண்டிகளில் பார்க்க வேண்டியவை குறைவு. ஸ்விட்ச் வயரைக் கழற்றியும் பொறி இல்லையென்றால் மேக்னட்டிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்து, பொறிக்கு மின்சாரம் தரும் சோர்ஸ் காயில், பொறியின் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் இரண்டையும் அளந்து அந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, சோர்ஸ் காயில் வயரில் வைத்து உதையுங்கள்; பத்துக் கணக்கில் வோல்ட் துள்ள வேண்டும். சோர்ஸ் காயிலின் கம்பி முடிபோல் மெல்லியது. தண்ணீர் புகுந்தால் பச்சை பூத்து அறும், சூட்டில் விரிந்து தற்காலிகமாகப் பிரியும். அது போனால் வைண்டிங் கடைகளில் நல்ல கைக்காரர் சுற்றித் தருவார். மேக்னட் பிளேட்டை எறிய வேண்டியதில்லை. இவை எல்லாம் சரியாக இருந்து, பிளக் பக்கத்துக் காயிலும் சரியாக இருந்தால், அப்போது சிடிஐ பெட்டியை நன்றாக ஓடும் அதே மாதிரி வண்டியிலிருந்து எடுத்து மாட்டிப் பாருங்கள். பெட்டிதான் கடைசி. அதை முதலில் மாற்றுவதுதான் இன்று எங்கும் நடக்கிறது.

சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பாகம் வாங்கப் போகிறவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். பாயிண்ட் வண்டியின் காயிலும் சிடிஐ வண்டியின் காயிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சிடிஐ காயிலின் பிரைமரி பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. அதைக் கொண்டுபோய்ப் புல்லட்டில் மாட்டினால் பாயிண்ட் வழியாக 3 ஆம்பியருக்குப் பதில் 20 ஆம்பியர் அளவுக்குப் பாயும். பாயிண்ட் கருகும், வயர் உருகும். மீட்டரைப் பையில் கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா என்று இங்கே வருவதற்கு முன்பே சிலர் கேட்டார்கள். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டியானால் போடலாம்; தேய்மானம் இல்லை, கேப் பார்க்கும் வேலை இல்லை. ஆனால் இப்போதைய குறையைக் கண்டுபிடிக்காமல் அதன் மேல் போடாதீர்கள். துருப்பிடித்த ஸ்விட்ச்சும் எர்த் இல்லாத சேஸிஸும் எலெக்ட்ரானிக் பெட்டிக்கு அடியிலும் அப்படியே இருக்கும். பாயிண்ட்டாவது குறைந்த வோல்ட்டில் முக்கி முனகி ஓடும், சில பெட்டிகள் ஓடவே மறுக்கும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கும், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கும் என் விருப்பம் பாயிண்ட்தான். ஒரு விசிட்டிங் கார்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் சரிசெய்ய முடிந்ததை, சரிசெய்ய முடியாத ஒன்றுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் மாற்றுக் கருத்து உள்ள மெக்கானிக் அண்ணன்மார்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களும் பேச வேண்டும்.

அரங்கத்துக்கு வெளியே ஒரு 350 புல்லட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதில் ஒரு குறையை வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறேன். எது என்று சொல்லப் போவதில்லை. பக்கத்து மேசையில் டெஸ்ட் லேம்ப் இருக்கிறது, ஆணி அடித்த மரத்துண்டு இருக்கிறது, ஃபீலர் கேஜ் இருக்கிறது. புதுப் பாகம் எதுவும் வைக்கவில்லை. மாணவர்கள் இருவர் இருவராக வாருங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆம்மீட்டர் முள் என்ன சொல்கிறது என்று முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.